பதினேழாம் நாள் கொசு

என் கையெழுத்து பள்ளி நாளிலிருந்தே நன்றாக இருக்கும், கேப்டன். ஸ்பெயினில், கலீசியாவில் மருத்துவம் படித்தபோது வகுப்பில் பாதிப் பேர் என் நோட்டை வாங்கித்தான் எழுதிக்கொள்வார்கள். அதனால் நீங்கள் மேசையில் பரப்பி வைத்திருக்கும் கடிதங்களை யார் எழுதியது என்று சிரமப்பட வேண்டியதில்லை. பதினான்கும் என்னுடையவை. என் நண்பன் தாமசோ எனக்கு எழுதியவை என் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. ஆள் அனுப்பினால் எடுத்துத் தருகிறேன். இரண்டையும் தேதி வாரியாக அடுக்கிப் படித்தால்தான் விஷயம் முழுசாகப் புரியும். ஒரு பக்கத்தை மட்டும் படித்தால் நான் கெட்டவனாகத் தெரிவேன்.

உங்களிடம் அந்தக் கடிதக் கட்டைக் கொண்டுவந்து கொடுத்தது தாமசோவின் மனைவி ரெமெதியோஸ் என்று தெரியும். அவள் பெருமையோடு கொடுத்திருப்பாள். அமெரிக்க ராணுவ டாக்டர்களான நீங்கள் கொசுவைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறீர்கள் என்று கேள்விப்பட்டதும், அதைத் தன் புருஷன் நாலு வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டான் என்று காட்ட வந்திருக்கிறாள். அவளுக்கு வாசிக்கத் தெரியும். ஆனால் அந்தக் கடிதங்களில் உள்ள தேதிகளுக்கு என்ன அர்த்தம் என்று தெரியாது. உங்களுக்குத் தெரிந்துவிட்டது. நேற்று மாலை என்னைப் பார்த்தபோது நீங்கள் கை கொடுக்கவில்லை, அப்போதே புரிந்துகொண்டேன்.

தாமசோ இரியார்ட்டேயும் நானும் ஒரே அறையில் தங்கிப் படித்தவர்கள். அவன் தன் ஜோக்குக்குத் தானே முதலில் சிரிப்பான். தேர்வுக்கு முந்தின நாள் என் நோட்டை வாங்கி, அதைத் தலைக்கு வைத்துத் தூங்கிவிட்டு, மறுநாள் தேறிவிடுவான். நான் ராணுவ மருத்துவனாகக் கியூபாவுக்கு முதலில் வந்தேன். இரண்டு வருஷம் கழித்து, "வாடா, இங்கே வேலைக்குக் குறைவில்லை" என்று நான் எழுதித்தான் அவனும் வந்தான். அவனுக்கு மலைமேல் இருக்கும் லோமா கிளாரா கோட்டை கிடைத்தது. எனக்குக் கீழே துறைமுகத்து ராணுவ ஆஸ்பத்திரி. மலையில் மஞ்சள் காய்ச்சல் கிடையாது. நான் சொல்லப்போகும் ஜூன் மாதம் வரை அங்கே ஒருவருக்குக்கூட வந்ததில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் ஆஸ்பத்திரியில் நாற்பது கட்டில். தொண்ணூற்றேழாம் வருஷம் மே மாதத்தில் அதில் நூற்றுப்பத்துப் பேர் கிடந்தார்கள். ஸ்பெயினிலிருந்து கப்பல் வரும், சிப்பாய்ப் பையன்கள் இறங்குவார்கள், கலகக்காரர்களோடு சண்டை போடக் கரும்புத் தோட்டத்துக்குப் போவதற்குள் பாதிப் பேர் என்னிடம் வந்துவிடுவார்கள். வார்டில் இருந்த கண்ணாடிகளையெல்லாம் நான் எடுத்துவிட்டேன். முகம் பார்த்தால் பயந்துவிடுகிறார்கள்.

"சார், என் கண்ணு மஞ்சளாயிருக்கா?" என்று கேட்பார்கள்.

"வெயில் பட்டா எல்லார் கண்ணும் அப்படித்தான்பா தெரியும். தூங்கு."

கண்ணாடி இல்லை என்றதும் சூப் கரண்டியைத் திருப்பித் திருப்பி அதில் முகம் பார்த்தார்கள். கரண்டியையும் எடுத்துவிட்டு மரக் கரண்டி கொடுக்கச் சொன்னேன். ஒரு மருத்துவனால் அங்கே செய்ய முடிந்தது அவ்வளவுதான். காலையில் பேசிக்கொண்டிருந்தவன் மத்தியானம் கறுப்பாக வாந்தி எடுப்பான். பக்கத்துக் கட்டிலில் இருப்பவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். அந்தக் கோடையில் நான் எப்படி இருந்தேன் என்று கேட்டால், வேறு வார்த்தை இல்லை, கதியற்று இருந்தேன். அடுத்த கப்பல் வரும் நாள் தெரிந்தால் எனக்கு அன்று சோறு இறங்காது.

ஹவானாவில் ஒரு முதிய மருத்துவர் கொசுதான் இந்தக் காய்ச்சலைப் பரப்புகிறது என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நோயாளியைக் கடித்த கொசுவை நல்ல உடம்புக்காரனைக் கடிக்க விட்டால், லேசாகக் காய்ச்சல் வந்து போய்விடும், பிறகு ஜன்மத்துக்கும் வராது, அம்மைக்கு ஊசி குத்துவதைப் போல என்று நினைத்தேன். அந்த வருஷம் மார்ச் மாதமே துணி அடுக்கும் அறையில் கண்ணாடி ஜாடிகளில் கொசு வளர்த்தேன். வாய்க்கு வலைத்துணி, உள்ளே சர்க்கரைத் தண்ணீர். நோயாளியைக் கடித்து மூன்று நான்கு நாள் ஆன கொசுக்களைப் பதினொரு பேர்மேல் விட்டேன். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பாதுகாப்பு ஏறிவிட்டது என்று நம்பினேன். அந்த மகிழ்ச்சியில் எழுதியதுதான் உங்கள் கையில் இருக்கும் முதல் மூன்று கடிதங்கள். அவற்றில் பொய் எதுவும் இல்லை. தவறு மட்டும்தான் இருக்கிறது.

பிறகு எனக்கே சீதபேதி வந்து பன்னிரண்டு நாள் படுத்துவிட்டேன். எழுந்து வந்து பார்த்தால் ஒரு ஜாடியில் ஒரு கொசு இன்னும் உயிரோடு இருந்தது. துணி துவைக்கும் பெண்பிள்ளை பாவம் பார்த்துச் சர்க்கரை போட்டு வந்திருக்கிறாள். நோயாளியைக் கடித்து அதற்குப் பதினாறு நாள் ஆகியிருந்தது. அதை வெனான்சியோ என்ற பையன்மேல் விட்டேன். எங்கள் கலீசியாவில் லூகோ பக்கத்துக் கிராமத்தான்.

"கொசு கடிச்சா ஊருக்கு அனுப்புவீங்களா சார்?" என்றான்.

"ஊருக்கு இல்லைப்பா. பத்து நாள் வேலை கிடையாது."

"பத்து நாளா? அப்ப ரெண்டு கொசுவா விடுங்க சார், இருபது நாளாகட்டும்."

நாலாம் நாள் காய்ச்சல் வந்தது. ஒன்பதாம் நாள் போய்விட்டான். தற்செயல் என்றுதான் முதலில் நினைத்தேன். துறைமுகத்தில் யாருக்கு எப்போது வரும் என்று யார் சொல்ல முடியும்? அதனால் மறுபடி பார்க்க வேண்டியிருந்தது. இரண்டாவது ஆளுக்கு மறதி காரணமில்லை, பதினெட்டு நாள் எண்ணி வைத்திருந்துதான் கடிக்க விட்டேன். அவனும் இறந்தான். அவன் பெயர் இப்போது நினைவுக்கு வரவில்லை, பதிவேட்டில் இருக்கும். இருவருக்கும் டைஃபாய்டு என்று எழுதியிருப்பேன்.

நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். குறித்துக்கொள்ளுங்கள், முக்கியமான இடம் இதுதான். கடித்த உடனே கொசு ஒன்றும் செய்யாது. அதன் உடம்புக்குள் விஷம் பழுக்க இரண்டு வாரம் ஆகிறது. உங்கள் குழு போன வருஷம் கண்டுபிடித்தது எனக்கு அந்த ஜூன் மாதம் முதல் வாரமே தெரியும்.

தலைமை மருத்துவரான கர்னலிடம் போய்ச் சொன்னேன். அவர் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"எலாதியோ, இந்த ஊர்ல காத்தே விஷம்யா. நீ ஏன் கொசுவைப் பிடிச்சு ஜெயில்ல போட்டிருக்கே?" என்றார்.

"அந்த ரெண்டு பேருக்கும் கொசுவாலதான் வந்தது சார்."

"அந்த ரெண்டு பேரும் இந்தத் தெருவுலதானே நடந்தாங்க, இந்தத் தண்ணியைத்தானே குடிச்சாங்க? காய்ச்சலே எட்டிப் பார்க்காத ஒரு இடத்துல ஒருத்தனுக்கு வரவெச்சுக் காட்டு. அன்னிக்கு நம்புறேன். அதுவரைக்கும் அந்த ஜாடியில ஊறுகாய் போட்டு வைக்கச் சொல்லு."

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் சொன்னது சரி. துறைமுகத்தில் எதையும் நிரூபிக்க முடியாது. அன்று மதியம் வார்டைச் சுற்றி வந்தபோது ஏழு பேர் சாகும் நிலையில் இருந்தார்கள். ஜூலையில் இன்னும் இரண்டு கப்பல்கள் வரவிருந்தன. கொசுவை ஒழித்தால் போதும் என்று எனக்கு மட்டும் தெரியும், என் பேச்சைக் கேட்க ஆளில்லை. நான் என்ன மனநிலையில் இருந்திருப்பேன் என்று நீங்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். என்மேலேயே கடிக்க விட்டுப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். எனக்கு இங்கு வந்த முதல் வருஷமே இந்தக் காய்ச்சல் வந்து போய்விட்டது, இனி வராது. அது மட்டும் இல்லாவிட்டால் நானே கையை நீட்டியிருப்பேன். இதை நான் பலமுறை எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் தாமசோவிடமிருந்து கடிதம் வந்தது. செப்டம்பரில் அவனைக் கடற்கரைக்கு மாற்றவிருந்தார்கள். ஸ்பெயினிலிருந்து கல்யாணம் செய்துகொண்டு வந்த மனைவி ரெமெதியோஸும் அவனோடு கீழே வருவாள். அவள் வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. 'டேய், நான் மலைக்காட்டு டாக்டர். சேத்துப்புண், பல்வலி, குதிரை உதைச்ச கேசு, இதுதான் எனக்குத் தெரியும். ஒரு மஞ்சக் காய்ச்சல் ஆளைக்கூட நான் பார்த்ததில்லை. இவளைக் கூட்டிக்கிட்டுக் கீழ வர பயமாயிருக்கு. நீ எழுதினியே, அந்தக் கொசுல ரெண்டு அனுப்பேன். இறங்கறதுக்கு முன்னாடி போட்டுக்கிட்டு வந்துடறோம்' என்று எழுதியிருந்தான்.

அவன் கேட்டான், கேப்டன். நான் வற்புறுத்தவில்லை. அந்தக் கடிதத்தை நீங்கள் அவசியம் படிக்க வேண்டும்.

இரண்டு கண்ணாடிக் குழாய்களில் ஒவ்வொன்றிலும் ஒரு பெண் கொசு. இரண்டும் ஜூன் நாலாம் தேதி ஒரே நோயாளியைக் கடித்தவை. பத்தாம் தேதி கோவேறு கழுதைச் சரக்கோடு மலைக்கு அனுப்பினேன். கூட வைத்த கடிதம் அதோ உங்கள் இடது கைக்குக் கீழே இருக்கிறது. கடைசிப் பத்தியை நானே சொல்கிறேன்: 'உடனே பயன்படுத்தாதே. நாள் ஆக ஆகக் கொசுவின் விஷம் குறையும். பதினைந்து நாளுக்கு மேல் வைத்திருந்து கடிக்க விட்டால் லேசான காய்ச்சல்தான் வரும். அவசரப்படாதே.'

குறையும் என்று எழுதியிருக்கிறேன். கூடும் என்று எழுதியிருக்க வேண்டும். ஒரு சொல்தான் வித்தியாசம்.

அவன் பதில் இருபத்துமூன்றாம் தேதி வந்தது. 'உன் ரெண்டு பொண்ணுங்களும் கழுதைமேல ஜம்முனு வந்து சேர்ந்தாங்க. சர்க்கரைத் தண்ணி குடுத்து மகாராணி மாதிரி வெச்சிருக்கேன். எனக்கு ஒரு வேளை காபிக்குச் சர்க்கரை இல்லை, இதுங்களுக்கு மூணு வேளையும் இருக்கு. ரெமெதியோஸ் முறைக்கிறா. உன் சிநேகிதன் எனக்கு ரெண்டு சக்களத்திய அனுப்பியிருக்கான், ஒரு விசிறிகூட அனுப்பலைங்கறா. நேத்து ஒருத்தி என்னைக் கடிச்சா. நல்லாத்தான் கடிச்சா. எனக்கு எப்படிப் போகுதுன்னு பார்த்துட்டு, அப்புறமா இவளுக்குப் போடறேன்.'

கடித்தது இருபத்தொன்றாம் தேதி. கொசுவுக்குப் பதினேழு நாள். கடிதம் எனக்குக் கிடைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இந்தக் காய்ச்சலுக்கு மருந்து இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். அதனால் அவன் விஷயத்தில் நான் அதற்குப் பிறகு எதுவும் செய்திருக்க முடியாது. அந்த நினைப்பு எனக்கு ஓர் ஆறுதலாகத்தான் இருந்தது. அவன் சாக வேண்டும் என்று விரும்பினாயா என்று சற்று முன் கேட்டீர்கள். இல்லை. அவனுக்குக் காய்ச்சல் வர வேண்டும் என்று விரும்பினேன். இரண்டும் வேறு. காய்ச்சல் வந்தவர்களில் பாதிக்கு மேல் பிழைத்துவிடுகிறார்கள்.

தந்திக் கம்பிகளைக் கலகக்காரர்கள் வாராவாரம் வெட்டிவிடுவார்கள். அதனால் மலைக்குச் செய்தி அனுப்பக் கண்ணாடிக் கோபுரம் வைத்திருந்தோம். சூரிய ஒளியைக் கண்ணாடியில் பிடித்து மின்ன வைத்தால் நடுவில் ஒரு கோபுரம் பார்த்து மேலே அனுப்பும். வெயில் இருந்தால் அரை மணியில் பதில் வந்துவிடும். எங்கள் கோபுரத்தில் இருந்தவன் கபினோ என்ற கார்ப்பரல். வெயிலைப் பார்த்துப் பார்த்து அவன் கண் எப்போதும் சுருங்கியே இருக்கும்.

இருபத்தைந்தாம் தேதி காலை செய்தி வந்தது. 'காய்ச்சல் முப்பத்தொன்பதரை. தலைவலி, இடுப்பு வலி. நீ சொன்ன லேசானது இதுதானா?'

இதுதான் என்று பதில் அனுப்பினேன். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சூடு பார்த்து எழுதி வைக்கவும் சொன்னேன். அவன் சொன்னபடி செய்தான். படிப்பில்தான் சோம்பேறியே தவிர, நான் சொன்னால் செய்வான். அந்தத் தாளும் என்னிடம் இருக்கிறது. மலையில் வந்த முதல் மஞ்சள் காய்ச்சலின் சுத்தமான பதிவு அது. நாடித்துடிப்பு, சிறுநீர், நாக்கின் நிறம், எதையும் விடவில்லை. எழுத்துதான் போகப் போகக் கோணலாகிவிடும்.

இருபத்தெட்டாம் தேதி சரக்குக் கழுதைகள் இறங்கின. காய்ச்சல் வருவதற்கு முந்தின நாள் அவன் எழுதிய கடிதம் அவற்றில் வந்தது. வழக்கமான வம்புகள்தான். கர்னலின் மீசையைப் பற்றி ஒரு ஜோக், மலையில் உப்புக் கருவாடு தீர்ந்துவிட்ட கதை. ஓரத்தில் சின்னதாக, குறுக்கே எழுதியிருந்தான்: 'இன்னொரு சேதி. ரெமெதியோஸுக்கு நாள் தள்ளிப் போயிருக்கு. ரெண்டு மாசம். இன்னும் யார்கிட்டயும் சொல்லலை. இந்த நிலைமையில அவளுக்குக் கொசு போடலாமா? போட்டா வயித்துல இருக்கறதுக்கும் சேர்த்துப் பாதுகாப்பா இருக்கும்னு எனக்குத் தோணுது. நீ சொன்னா போடறேன், வேண்டாம்னா விட்டுடறேன்.'

இந்த இடத்தில் நான் சரியாகச் சொல்ல வேண்டும். அதை நான் படித்தேன். பதில் சொல்வதற்கு முன்பே படித்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கபினோ ஆள் அனுப்பிக் கூப்பிட்டான். கோபுரத்தில் ஏறிப் போனேன். மலைக்கு மேல் மேகம் கூடிக்கொண்டிருந்தது. மேலேயிருந்து வந்த செய்தியை அவன் எழுதி வைத்திருந்தான்: 'காய்ச்சல் விட்டுவிட்டது. பசிக்கிறது. நடக்கிறேன். ரெமெதியோஸுக்குப் போடலாமா?'

இந்தக் காய்ச்சல் நாலாம் நாள் ஒருமுறை விடும், கேப்டன். ஆள் எழுந்து உட்காருவான், சாப்பிடக் கேட்பான், வீட்டுக்காரர்கள் மெழுகுவத்தி ஏற்றக் கோயிலுக்கு ஓடுவார்கள். ஒரு நாள், ஒன்றரை நாள். பிறகு பலருக்குத் திரும்ப வந்து கொண்டுபோய்விடும். என் வார்டில் தரை துடைப்பவனுக்குக்கூட இது தெரியும். தாமசோவுக்குத் தெரியாது, ஏனென்றால் அவன் ஒரு நோயாளியைக்கூடப் பார்த்ததில்லை. தேறிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

நான் யோசிக்காமல் இல்லை. ஒருவனுக்கு வந்தால் கர்னல் என்ன சொல்வார் என்று யோசித்தேன். கழுதைக்காரன் கொண்டுவந்திருப்பான் என்பார், கடித உறையில் வந்திருக்கும் என்பார். தாமசோ சரக்கு இறக்கும் இடத்தில் நின்றான் என்பார். ஆனால் வீட்டைவிட்டு வெளியே வராத ஒரு பெண்ணுக்கும், கொசு கடித்து நாலாம் நாள் சரியாக வந்தால், பதில் பேச முடியாது. ஒன்று என்றால் தற்செயல், இரண்டு என்றால் நிரூபணம்.

"மேகம் மூடுது சார். சீக்கிரம் சொல்லுங்க, சூரியன் போயிடும்" என்றான் கபினோ.

"'செய்'னு அனுப்பு."

"வேற?"

"வேற ஒண்ணுமில்லை."

"ஒரே வார்த்தையா சார்? ஆள் உடம்பு சரியில்லாம இருக்காரு, பாவம். ஏதாவது நல்ல வார்த்தை சேர்த்து அனுப்பட்டுமா?"

"வெயில் இருந்தா அனுப்பு."

கண்ணாடியைத் திருப்பித் தட்டினான். ஒரு சொல், ஐந்தாறு மின்னல். மேலேயிருந்து கிடைத்ததாகப் பதில் மின்னியது. அதோடு மேகம் மூடிவிட்டது. கபினோ ஏதும் சேர்த்து அனுப்ப முடியவில்லை.

மதியம் தாமசோ தன் கையாலேயே இரண்டாவது குழாயை ரெமெதியோஸின் கைமேல் கவிழ்த்துப் பிடித்தான். இதை அவளே பிறகு சொன்னாள். கொசு நகராமல் உட்கார்ந்திருந்ததாம். "உன் சக்களத்திக்கு வெட்கமாயிருக்கு" என்று சொல்லிக் குழாயை ஊதினானாம். அவன் சொன்ன கடைசி ஜோக் அதுதான். மறுநாள் காலை வாந்தி தொடங்கியது. மதியத்துக்குள் கறுத்துவிட்டது.

முப்பதாம் தேதி மாலை கொஞ்சம் வெயில் வந்ததும் மேலேயிருந்து ஒரு செய்தி: 'கறுப்பு. இது லேசானது இல்லை. எலாதியோ, அவளுக்கு என்ன செய்யணும் சொல்லு.' தனக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவன் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் அதே செய்தி. பிறகு மறுபடியும். கபினோ ஓடி ஓடி வந்து கொடுத்தான். நான்காவது சீட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகாமல் அங்கேயே நின்றான். "ஏதாவது சொல்லுங்க சார், மனுஷன் கெஞ்சறாரு" என்றான்.

நடந்ததை அழிக்க முடியாது. 'இருவரின் சூட்டையும் குறித்து வை' என்று அனுப்பினேன். அப்போது அது சரியாகத்தான் பட்டது. யாராவது குறிக்கத்தானே வேண்டும்.

தாமசோ ஜூலை இரண்டாம் தேதி இறந்தான். ரெமெதியோஸுக்கு மூன்றாம் தேதி காய்ச்சல் வந்தது, சரியாக நாலாம் நாள். கணவனைப் புதைத்த ஈரம் காயாத மண்ணைப் பார்த்துவிட்டு வந்து படுத்தவள். ஒரு சார்ஜென்டின் மனைவி கூட இருந்து பார்த்துக்கொண்டாள். ரெமெதியோஸ் பிழைத்துக்கொண்டாள். குழந்தை தங்கவில்லை.

நிரூபணம் கிடைத்துவிட்டது. ஆகஸ்டில் கட்டுரையை எழுதி முடித்தேன், பதினெட்டுப் பக்கம். மாட்ரிடுக்கு அனுப்ப உறையில் முகவரியும் எழுதினேன். அப்போதுதான் தேதிகளைப் பார்த்தேன். எந்தக் கொசு எத்தனை நாள் ஆனது என்பதுதான் கட்டுரையின் உயிர். வெனான்சியோவுக்குப் பதினாறு, அடுத்தவனுக்குப் பதினெட்டு. அதைப் போட்டால், ஜூன் பத்தாம் தேதி தாமசோவுக்கு எழுதும்போதே எனக்கு எல்லாம் தெரியும் என்று ஆகிவிடும். தேதிகளை மாற்றிப் போடலாம் என்றால், நான் எழுதிய கடிதங்கள் ரெமெதியோஸிடம் இருந்தன.

அவள் இந்த ஊருக்கே வந்துவிட்டாள். ஸ்பெயினுக்குத் திரும்ப மனமில்லை. காய்ச்சல் வந்து பிழைத்தவள் என்பதால் பயமில்லாமல் வார்டில் வேலை செய்ய முடியும், நானே சொல்லிச் சேர்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டுக்குப் போவேன். கொண்டைக்கடலை சூப் வைப்பாள்.

"அந்தக் கடுதாசிங்களைக் குடும்மா, பத்திரமா வெச்சிருக்கேன். ஆராய்ச்சிக்கு உதவும்" என்று கேட்பேன்.

"உங்களுக்கு இல்லாததா டாக்டர். ஆனா அதுல அவருக்கு வந்த வார்த்தை இருக்கு. நீங்க எழுதறதைப் படிச்சிட்டுத்தான் அவர் சிரிப்பாரு. அதைக் குடுத்துட்டா எனக்கு வேற என்ன இருக்கு?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்படியும் சொன்னாள்: "நீங்க அந்தக் கொசுவை அனுப்பலைன்னா நான் இன்னிக்கு வார்டுல நிக்க முடியுமா? அவருக்குத்தான் குடுத்து வைக்கலை. உடம்பு பலவீனம். நீங்க என்ன செய்வீங்க பாவம்."

நான் சூப்பைக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

மூன்று வருஷத்துக்கு மேல் கேட்டேன், அவள் தரவில்லை. நான் வற்புறுத்தவில்லை. அவள் வேலைக்குப் போயிருந்த நேரம் இரண்டு முறை வீட்டில் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. கட்டுரை அலமாரியிலேயே கிடந்தது. ஸ்பெயின் தோற்று ஊர் உங்கள் ராணுவத்தின் கைக்கு வந்த பிறகும் நான் அதே ஆஸ்பத்திரியில்தான் இருந்தேன். அதற்குப் பின் வந்த கோடைகளில் எங்கள் ஆஸ்பத்திரியில் எத்தனை பேர் போனார்கள் என்ற கணக்கு உங்களிடம் இருக்கும். ஒவ்வொரு ஜாடியையும் தொட்டியையும் மூடுங்கள், நோயாளிக்குக் கொசுவலை கட்டுங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார்கள். எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அந்தக் கோடைகளில் வந்த பையன்களிடமும் கண் மஞ்சளாக இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் மரக் கரண்டியைக்கூடத் திருப்பிப் பார்த்தார்கள்.

போன வருஷம் நீங்கள் வந்தீர்கள். ஆட்களிடம் கையெழுத்து வாங்கினீர்கள், ஆபத்து என்று முன்பே சொன்னீர்கள், பணமும் கொடுத்தீர்கள். நல்ல முறை. எனக்கு அதற்கு நேரமும் இல்லை, அதிகாரமும் இல்லை. ஆனால் நீங்கள் எழுதிய அறிக்கையைப் படித்தபோது, கொசு பழுக்கப் பன்னிரண்டு நாளுக்கு மேல் வேண்டும் என்ற வரியில் நான் நெடுநேரம் நின்றேன். அது என் வரி.

ரெமெதியோஸ் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை உள்ளே வரும்போது பார்த்தேன். சீருடையைத் துவைத்து இஸ்திரி போட்டு உடுத்தி வந்திருக்கிறாள். "எங்க வீட்டுக்காரர் பேரு புஸ்தகத்துல வருமா டாக்டர்? கேப்டன்கிட்ட நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள். சொல்கிறேன் என்றேன். அவளிடம் என்ன சொல்வது என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். ஜூன் பத்தாம் தேதிக் கடிதத்தில் நான் தெரிந்தேதான் மாற்றி எழுதினேன். இருபத்தொன்பதாம் தேதி, அவள் கர்ப்பிணி என்று தெரிந்தும், அவள் கணவன் இன்னும் தேறவில்லை என்று தெரிந்தும் 'செய்' என்று அனுப்பினேன். இதன் கீழே கையெழுத்துப் போடுகிறேன், தாளைத் தாருங்கள்.

பெயருக்காக நான் இதைச் செய்யவில்லை என்பதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பையன்களுக்காகச் செய்தேன். ஆனால் உங்கள் அடுத்த அறிக்கையில் இந்தக் கடிதங்களைச் சேர்ப்பதாக இருந்தால், அவள் கேட்கிறாளே என்று தாமசோவின் பெயரை முதலில் போட்டுவிடாதீர்கள். அது சரியாக இருக்காது. யோசித்தது, காத்திருந்தது, கணக்கிட்டது எல்லாம் நான். அவன் செய்ததெல்லாம் கடிபட்டது மட்டும்தான்.